கோன்களுக்கு நடுவே ஒரு வார இறுதி

வெள்ளி, இரவு

ஆட்டோகிராஸ் என்ற கார்ப் போட்டிக்காக நான்கு மணி நேரப் பயணம். வந்து இறங்கியதும் காரைக் காலி செய்யும் வேலையில் உட்கார்ந்துவிட்டோம். மிதியடி, ஸ்டெப்னி, ஜாக்கி, குடை, சின்னவனின் சீட், பின்னால் கிடந்த பழைய நோட்டுகள் எல்லாம் வெளியே வந்தன. ரோட்டில் போகும்போது சீட்டுக்கு அடியில் கிடக்கும் தண்ணீர் பாட்டில் பெரும்பாலும் கிடந்த இடத்திலேயே கிடக்கும். போட்டியில் ரப்பர் கோன்களுக்கு நடுவே வண்டியை இடமும் வலமுமாகத் திருப்பும்போது அது கிளம்பி எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. அதனால் ஆட்டோகிராஸுக்கு வரும் எந்த வண்டியும் உள்ளே எதுவும் இல்லாமல்தான் ஓட வேண்டும்.

எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம் என்று நினைத்துத்தான் சோதனைக்கு வரிசையில் நின்றோம். பானெட்டைத் திறந்து பேட்டரியை அசைத்துப் பார்த்தார்கள். நான்கு சக்கரங்களையும் உலுக்கி, பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். வீல் நட்டு, பிரேக் பெடலின் இறுக்கம், ஆக்சிலரேட்டரை விட்டதும் ஒழுங்காகத் திரும்பி வருகிறதா, சீட் பெல்ட் என்று ஒவ்வொன்றாக முடித்துவிட்டு, கடைசியில் ஒருவர் டார்ச்சோடு உள்ளே குனிந்தார். டிரைவர் சீட் நகரும் தண்டவாளத்தின் ஓரத்தில் ஒரு பச்சைக் கோலிக்குண்டு. அதை எடுத்துச் சின்னவன் கையில் வைத்து, "தம்பி, இது உருண்டு பிரேக்குக்கு அடியில போயிட்டா அம்மாவால வண்டியை நிறுத்த முடியாதுப்பா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எட்டு வயதுப் பையன் அதற்கப்புறம் தானே டார்ச் வாங்கிக்கொண்டு இரண்டு முறை வண்டிக்குள் தேடினான். நானும் அவனோடு சேர்ந்து தேடினேன். என் கண்ணில் பட்டிருக்க வேண்டிய பொருள் அது.

இந்த முறை என் அம்மாவும் வந்திருக்கிறார். நானும் இவரும் நான்கு வருடமாக ஓட்டுகிறோம், அம்மா வருவது இதுதான் முதல் தடவை. பந்தயம் என்ற சொல்லைக் கேட்டாலே பயப்படுகிறவர். வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். எத்தனை வண்டி ஒன்றாக ஓடும்? ஒன்றையொன்று இடித்துக்கொள்ளாதா?

அம்மாவுக்குச் சொன்னதையே புதிதாகப் படிக்கிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். இது கடிகாரத்தோடு ஓட்டும் போட்டி. அகலமான தார்த் தரையிலோ கான்கிரீட் தரையிலோ ரப்பர் கோன்களை வைத்து ஒரு பாதை போடுவார்கள். ஒவ்வொரு வண்டியாகத்தான் விடுவார்கள். முந்தைய வண்டி வெகுதூரம் போன பிறகுதான் அடுத்தது கிளம்பும், முந்துவது என்ற பேச்சே கிடையாது. பெரும்பாலும் இரண்டாவது கியரிலேயே முடிந்துவிடும். ஒரு ரன், அதாவது பாதையை ஒருமுறை ஓட்டி முடிப்பது, ஒரு நிமிடத்துக்குள் முடியும். பிரிட்டனில் ஆட்டோகிராஸ் என்றால் புல்தரையிலும் மண்ணிலும் ஓட்டுவது. நாங்கள் ஓட்டும் கோன் வகையை அமெரிக்காவில் சோலோ என்கிறார்கள், அங்கே 1973 முதல் தேசியப் போட்டியே நடக்கிறது. குடும்பத்துக்கு ஓடும் அதே காரைக் கொண்டுவந்து ஓட்டலாம் என்பதுதான் எங்களை இதில் சேர்த்தது.

அம்மா என் ஹெல்மெட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே துணிக்கு அடியில் இருக்கும் ஸ்நெல் ஸ்டிக்கரைக் காட்டினேன். 1956-ல் பந்தயத்தில் தலையில் அடிபட்டு இறந்த பீட் ஸ்நெல் என்ற ஓட்டுநரின் நினைவாக, அடுத்த வருடமே தொடங்கப்பட்ட அமைப்பு அது. ஹெல்மெட்டுகளைச் சோதித்துச் சான்று கொடுப்பதுதான் அதன் வேலை. அந்த ஸ்டிக்கர் இல்லாமல் வந்தால் இங்கே வண்டியில் ஏற விடமாட்டார்கள். அம்மா ஸ்டிக்கரை விரலால் ஒருமுறை தடவிவிட்டு ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுத்தார். ஒன்றும் சொல்லவில்லை.

சனி, இரவு

கால் வலிக்கிறது. ஓட்டியதால் வந்த வலி இல்லை, நடந்ததால் வந்தது.

இடம் ஒரு பழைய விமான ஓடுதளம். காலை ஆறரைக்கு வெளிச்சம் வந்ததுமே எல்லோரும் பாதையை நடந்து பார்க்க ஆரம்பித்தார்கள். முன்கூட்டியே ஒரு தடவைகூட ஓட்டிப் பார்க்க அனுமதி கிடையாது. முதல் ரன்தான் வண்டியோடு முதல் அறிமுகம், அதற்குள் பாதை மனதில் ஏறியிருக்க வேண்டும். நான்கு முறை நடந்தேன். நிமிர்ந்து நிற்கும் கோன் வாசல், படுத்திருக்கும் கோன் அம்புக்குறி, அது காட்டும் பக்கமாகத்தான் போக வேண்டும். பாதியில் ஐந்து கோன்களை இடமும் வலமுமாக வளைந்து கடக்கும் ஸ்லாலம், அதன் பின் பெரிய இடது வளைவு, கடைசியில் ஒற்றைக் கோனைச் சுற்றி வந்த வழியே திரும்பும் முழுத் திருப்பம். மேலிருந்து பார்த்தால் எளிதான பாதை. டிரைவர் சீட்டின் உயரத்திலிருந்து பார்த்தால் ஆரஞ்சுக் காடு. அதனால் ஒவ்வொரு வாசலிலும் முட்டி மடக்கி உட்கார்ந்து பார்த்துக்கொண்டேன்.

நானும் இவரும் ஒரே காரை ஓட்டுகிறோம். இவர் எண் 27, நான் 127. இவர் ஓடி முடித்து வந்ததும் சின்னவன் ஓடிப்போய் கதவில் 27-க்கு முன்னால் காந்தத்தில் செய்த '1'-ஐ ஒட்டுவான், நான் முடித்ததும் எடுப்பான். இந்த வேலையை அவன் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. '1' கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் பிரித்து நேராக ஒட்டிவிட்டுத்தான் வண்டியை விடுவான். நேரம் பதிகிறவர்கள் அந்த எண்ணைப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள் என்பது அவனுக்குத் தெரியும்.

டயர் மூத்தவளின் பொறுப்பு. அவளுக்குப் பதினான்கு வயது. கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் காற்றழுத்த அளவு 33 பிஎஸ்ஐ. முன் டயர்களை 38-க்கு ஏற்றி ஆரம்பித்தோம். எங்களுடையது முன் சக்கரங்கள் இழுக்கும் வண்டி, திருப்பத்தில் பாரமெல்லாம் முன்னால் வெளிப்பக்க டயரில் போய் விழும். காற்று குறைவாக இருந்தால் டயர் மடிந்து பக்கச் சுவரில் ஓட ஆரம்பித்துவிடும். அதைக் கண்டுபிடிக்க ஒரு சாக்பீஸ் போதும். டயரின் தோளிலிருந்து பக்கச் சுவர் வரை குறுக்கே தடிமனாக ஒரு கோடு போடுகிறாள். ரன் முடிந்து வந்ததும் குனிந்து, கோடு எதுவரை அழிந்திருக்கிறது என்று பார்க்கிறாள். பக்கச் சுவரில் சின்ன முக்கோணக் குறி ஒன்று இருக்கும். அதுவரை அழிந்திருந்தால் சரி, அதைத் தாண்டினால் காற்று பற்றவில்லை. இரண்டு பேர் மாறி மாறி ஓட்டுவதால் டயர் ஆறவே நேரமில்லை, சூட்டில் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். அதனால் நடுநடுவே தண்ணீர் தெளிப்பது, அளந்து பார்த்துக் கொஞ்சம் காற்றை விடுவது, நோட்டில் எழுதுவது எல்லாம் அவள்தான். கேட்டால் பக்கத்தைப் புரட்டிக் காட்டுவாள், வாயால் சொல்லமாட்டாள்.

என் ஐந்து ரன்கள் அந்த நோட்டில் இப்படி இருக்கின்றன. முதல் ரன் 57.206. இரண்டாவது 55.148. மூன்றாவதில் ஸ்லாலம் முடிந்ததும் ஒரு வாசலைப் பார்க்கவே இல்லை, வெளியே போய்விட்டேன், நேரம் கிடையாது. நான்காவது 53.812. ஐந்தாவது 53.3, ஆனால் ஒரு கோனைத் தட்டிவிட்டேன். ஒரு கோனுக்கு இரண்டு நொடி அபராதம். ஆயிரத்தில் ஒரு நொடி வரை அளக்கும் போட்டியில் இரண்டு நொடி என்பது எழுந்திருக்க முடியாத அடி. ஆக 53.812-தான் கணக்கில் நிற்கிறது. இவர் 52.640. அதே கார், அதே டயர், அதே சூடு. நடுவில் 1.172 நொடி வித்தியாசம் முழுக்க என்னுடையது.

ஓட்டி முடித்தவர்கள் அடுத்த ஹீட்டில், அதாவது அடுத்த குழு ஓட்டும்போது, வேலைக்குப் போக வேண்டும். ஆட்டோகிராஸில் எனக்கு மிகவும் பிடித்த விதி இதுதான். ஓட்டுகிறவர்களே பாதையையும் பார்த்துக்கொள்கிறார்கள். சிவப்புக் கொடி, தீயணைப்பான், வாக்கி-டாக்கியோடு மூன்று பேராக ஓரிடத்தில் நிற்போம். வண்டி போனதும் விழுந்த கோனை ஓடிப்போய் எடுத்து வைக்க வேண்டும். எங்கே வைப்பது என்று தேட வேண்டியதில்லை, ஒவ்வொரு கோனின் அடியைச் சுற்றியும் தரையில் கட்டம் வரைந்திருக்கிறது. கோன் சாய்ந்திருந்தால் அபராதம். நின்றபடியே நகர்ந்து கட்டத்துக்கு முழுவதும் வெளியே போயிருந்தாலும் அபராதம். கட்டத்தை ஓர் ஓரத்திலாவது தொட்டுக்கொண்டு நின்றால் தப்பித்தது. எவ்வளவு அவசரமாக இருந்தாலும் வரும் வண்டிக்கு முதுகு காட்டக் கூடாது. ஒரு வண்டி சுழன்று நின்றபோது சிவப்புக் கொடியை நான்தான் காட்டினேன். பின்னால் வந்தவர் உடனே நிறுத்திவிட்டார். அவருக்கு அந்த ரன்னை மறுபடி கொடுத்தார்கள்.

ஒன்று கவனித்தேன். ஒரே கோனை ஆறு முறை நிமிர்த்தினேன், ஆறு வேறு வேறு வண்டிகள். எல்லோரும் அதே தவறுதான் செய்தார்கள், நுழையும்போது வேகம் அதிகம். டயரிடம் இருப்பது ஒரே பிடிமானம். அதை முழுவதும் பிரேக்கில் செலவழித்துவிட்டால் திருப்புவதற்கு ஒன்றும் மிஞ்சாது, ஸ்டியரிங்கை எவ்வளவு சுற்றினாலும் வண்டி நேராகப் போய்க் கோனில் முட்டும். காலையில் நானும் அந்த இடத்தில் அதையேதான் செய்திருந்தேன்.

மொத்தமாகக் கணக்குப் போட்டால் நான் இன்று ஓட்டியது ஐந்து நிமிடத்துக்கும் குறைவு. மீதிப் பத்து மணி நேரம் நடந்தது, நின்றது, பார்த்தது.

அம்மா பகல் முழுவதும் பார்வையாளர் வேலிக்குப் பின்னால் குடையோடு உட்கார்ந்திருந்தார். அந்தக் கடைசி முழுத் திருப்பம் அவருக்கு நேர் எதிரே. தூங்கியிருப்பார் என்று நினைத்தேன். இப்போது அறைக்கு வந்து படுக்கப் போகும் நேரத்தில் சொல்கிறார்:

"நல்லா ஓட்டுறவங்களுக்குத் தலை முதல்ல திரும்புது, அப்புறம்தான் வண்டி திரும்புது. உனக்கு வண்டியோட சேர்ந்துதான் தலை திரும்புது."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. அவர் பார்த்துக்கொண்டிருந்தது வண்டியை இல்லை, ஜன்னல் வழியாக ஹெல்மெட்டை. "மாப்பிள்ளை கோனுக்குப் பக்கத்துல வர்றதுக்கு முன்னாடியே பக்கவாட்டு ஜன்னல் வழியாப் பார்க்கறாரு. நீ முன்னாடி கண்ணாடியிலயே பார்த்துக்கிட்டு இருக்கே."

முன்னால் பார், தள்ளிப் பார் என்று நான்கு வருடமாக எனக்குச் சொல்லாதவர்கள் இல்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடியில் பதினாறு மீட்டருக்கு மேல் கடக்கிறது. பத்து மீட்டரில் இருக்கும் கோனைப் பார்த்து முடிவெடுப்பதற்குள் அது பின்னால் போயிருக்கும். கணக்கு எனக்குத் தெரியும், என் தலை எந்தப் பக்கம் இருந்தது என்பதுதான் தெரியவில்லை. அது வெளியே இருப்பவருக்கு மட்டும் தெரிகிற விஷயம். அம்மாவுக்குக் கார் ஓட்டவே தெரியாது.

ஞாயிறு, இரவு

பாதையை மாற்றியிருந்தார்கள். நேற்றைவிடச் சின்னது. நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று என்று இரண்டு முழுத் திருப்பங்கள்.

நடக்கும்போது அம்மாவும் கூட வந்தார். முழங்கால் வலியோடு பாதி தூரம் வந்தார், போதும் என்றாலும் கேட்கவில்லை. முதல் திருப்பத்தில் என்னை நிறுத்தி, "இங்க நிக்கும்போது நீ எதைப் பார்க்கணும்?" என்றார். சுற்ற வேண்டிய கோனைக் காட்டினேன். "அதுதான் எங்க இருக்குன்னு தெரிஞ்சுபோச்சே. அதுக்கு அப்புறம் எது?" என்றார். திரும்பிப் பார்த்தேன். வெளியேறும் வாசல் என் தோளுக்குப் பின்னால் இருந்தது. காரில் உட்கார்ந்தால் அது பக்கவாட்டு ஜன்னலுக்கு நேரே வரும். அங்கே தரையில் ஒரு கறுப்புத் தார் ஒட்டு இருந்தது, அதை அடையாளம் வைத்துக்கொண்டேன்.

முதல் ரன் 51.420, பழைய கண்ணோடுதான் ஓட்டினேன். பயத்தில் எல்லாம் மறந்துபோயிற்று. இரண்டாவதில் அம்மா சொன்னதை முழுக்கச் செய்யப் போனேன். தள்ளிப் பார்த்தேன், ஆனால் பக்கத்தில் இருப்பதை விட்டுவிட்டேன். ஸ்லாலத்தில் ஒன்று, திருப்பத்தில் ஒன்று என இரண்டு கோன், நான்கு நொடி. திரும்பி வந்தபோது எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. இவர் ஸ்டியரிங்கில் உட்காருவதற்கு முன் குனிந்து, "கோனைப் பார்க்காம விடக் கூடாது. பார்த்துட்டு விட்டுடணும். பார்த்தது போதும்னு கண்ணை எடுத்துடு, கை அதைப் பார்த்துக்கும்" என்றார். அந்த 'விட்டுடணும்'தான் எனக்குத் தேவைப்பட்டது.

மூன்றாவது 49.604.

நான்காவதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கிளம்பும் இடத்தில் அவசரமே இல்லை. வண்டி கோட்டைக் கடந்து ஒளிக்கதிரை வெட்டும்போதுதான் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும், கொடி விழுந்ததும் பாய வேண்டியதில்லை. மூச்சு விட்டேன். கிளம்பினேன். முதல் கியர், உடனே இரண்டாவது, அப்புறம் கை கியரைத் தொடவில்லை. ஸ்லாலத்தில் முதல் கோன் அருகில் வரும்போது என் கண் மூன்றாவதில் இருந்தது. நேற்றெல்லாம் ஒவ்வொரு கோனும் திடீரென்று முளைத்து வந்த மாதிரி இருந்தது. இன்று அவை வரிசையாக நின்றுகொண்டிருந்தன. முதல் திருப்பத்துக்கு நேர்க்கோட்டிலேயே பிரேக்கை அழுத்தி முடித்து, காலை மெல்ல எடுத்துக்கொண்டே தலையைத் திருப்பினேன். கன்னம் ஹெல்மெட் பஞ்சில் அழுந்தியது. பக்கவாட்டு ஜன்னலில் கறுப்புத் தார் ஒட்டு. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், கை தானாகச் சுற்றியது, தானாகப் பிரிந்தது. கோன் எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. டயர் கத்தவில்லை, தாழ்ந்த குரலில் முனகியது. அது நல்ல சத்தம், பிடிமானத்தின் ஓரத்தில் இருக்கிறோம், இன்னும் தாண்டவில்லை என்று சொல்லும் சத்தம்.

பலகையில் 48.931. கோன் இல்லை.

ஐந்தாவதில் இன்னும் வேகமாகப் போகலாம் என்று ஆசைப்பட்டு இரண்டாவது திருப்பத்தில் அகலமாகப் போய்விட்டேன், 49.3. பரவாயில்லை. இவருடைய சிறந்த நேரம் 48.617. நேற்று ஒரு நொடிக்கு மேல் இருந்த இடைவெளி இன்று மூன்றில் ஒரு நொடிக்கும் குறைவு. எங்கள் பிரிவில் பதினொரு பேரில் நேற்று நான் எட்டாவது, இன்று ஐந்தாவது. இவர் நான்காவது. மூத்தவள் நோட்டில் அந்த வித்தியாசத்தை எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறாள்.

மதியம் கோன் எடுக்கும் வேலைக்குப் போனபோது நானும் ஹெல்மெட்டுகளையே பார்த்தேன். அம்மா சொன்னது அப்படியே இருந்தது. பலகையில் நல்ல நேரம் வாங்குகிறவர்களின் தலை, வண்டி இன்னும் நேராகப் போய்க்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் திரும்பியிருக்கிறது. முதல் முறை ஓட்ட வந்த ஓர் இளைஞன் எங்கள் கோனை மூன்று முறை தட்டினான். வேலை முடிந்ததும் அவனிடம் போய், "உங்க தலை திரும்பவே இல்லைங்க" என்று சொன்னேன். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டான். வேலிக்குப் பின்னால் குடையோடு உட்கார்ந்திருந்தவரைக் காட்டினேன். நேரே போய் அவருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டான். அரை மணி நேரம் என்ன பேசினார்கள் என்று இரண்டு பேரும் சொல்லவில்லை.

சாயங்காலம் எல்லோருமாகக் கோன்களை அடுக்கி வண்டியில் ஏற்றினோம். மிதியடி, ஸ்டெப்னி, சின்னவனின் சீட் எல்லாம் பழைய இடத்துக்குப் போயின. பச்சைக் கோலிக்குண்டு அவன் சட்டைப் பையில், பட்டன் போட்டு. '1' காந்தத்தை அம்மா தன் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

திரும்பும்போது ஓட்டியது நான். ரவுண்டானா வந்தபோதெல்லாம் பக்கத்து சீட்டில் அம்மாவின் தலையும் என்னோடு சேர்ந்து முன்கூட்டியே திரும்பியது.

திங்கள், காலை

ஒரு குறிப்பு மட்டும். ஓட்டி முடித்த சூட்டில் டயர் 38 காட்டியது. அப்போதே 33-க்கு இறக்கியிருந்தால் ஆறிய பிறகு முப்பதுக்குப் போயிருக்கும், ஐந்து பேர் ஏறி நெடுஞ்சாலையில் போக அது போதாது. அதனால் ராத்திரி தொடவில்லை. காலையில் குளிர்ந்த டயரில் அளந்தால் 35. பள்ளிக்குக் கிளம்புவதற்கு முன் மூத்தவள் சீருடையோடு மண்டியிட்டு நான்கையும் 33-க்குக் கொண்டுவந்துவிட்டாள். வலது முன் டயரில் சாக்பீஸ் கோடு முக்கோணத்துக்கு மேலே கொஞ்சம் மிச்சமிருக்கிறது.